பழைய பட்டறை நுண்ணோக்கி: கடற்கரைப் பட்டறைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருக்கழுக்குன்றம் சாலையில் என் லேத் பட்டறை. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கத்து வேலையும் வரும். மறைமலை நகர்ப் பக்கமிருந்து சில்லறைக் கடைசல் வரும். கொக்கிலமேடு, தேவனேரி, வெண்புருஷம் பக்கமிருந்து படகு ஷாஃப்ட், ப்ரொப்பல்லர், சிற்பிகளின் உளி எல்லாம் வரும். கிழக்கிலிருந்து வரும் எதிலும் உப்பு இருக்கும். துடைத்துவிட்டுப் பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரியும். ஆனால் வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது குழியா, அழுக்கா, விரிசலின் வாயா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் பழைய இயந்திரச் சாமான் விற்கும் கடையில் ஒரு கைநுண்ணோக்கி வாங்கினேன். முதல் ஆறு மாதம் அதைத் தப்பாகவே பயன்படுத்தினேன். நீங்கள் அந்த ஆறு மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

இது என்ன கருவி

டம்ளர் உயரத்துக்கு ஒரு உலோகக் குழாய். மேலே கண் வைக்கும் லென்ஸ், அடியில் பொருளை நோக்கிய லென்ஸ், பக்கத்தில் ஒரு டார்ச் பல்பு. அடிப்பாகம் ஒரு பக்கம் திறந்த வளையம். அதை உலோகத்தின் மேல் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டியதுதான். கல்லூரி ஆய்வகத்தில் பொருளை வெட்டித் துண்டாக்கி நுண்ணோக்கிக்குக் கீழே கொண்டுபோவார்கள். இங்கே நுண்ணோக்கி பொருள் இருக்கும் இடத்துக்கு வரும். இரண்டு மீட்டர் ஷாஃப்டை வெட்டியா பார்க்க முடியும்?

இவற்றில் பல, கடினத்தன்மைச் சோதனைக்காகப் பிறந்தவை. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல், உலோகத்தில் ஒரு எஃகுக் குண்டை அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை வைத்துக் கடினத்தைச் சொல்லும் முறையை 1900-இல் வெளியிட்டார். அந்தக் குழியை அளக்க உள்ளே ஸ்கேல் உள்ள சின்ன நுண்ணோக்கி தேவைப்பட்டது. பழைய சாமான் சந்தையில் கிடைக்கும் சோவியத் எம்.பி.பி-2 அந்த வகைதான்: 24 மடங்கு, ஸ்கேலில் ஒரு கோடு 0.05 மில்லிமீட்டர், மொத்தம் 6.5 மில்லிமீட்டர் வரை அளக்கலாம். அமெரிக்காவின் பாஷ் அண்ட் லோம்ப் செய்த பட்டறை நுண்ணோக்கி 40 மடங்கு. அதில் அங்குல ஸ்கேல் இருந்தால், ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது 25.4 மைக்ரான் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடங்கைப் பார்த்து மயங்க வேண்டாம். எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதைத் தீர்மானிப்பது அடிலென்ஸ் வாங்கும் ஒளிக்கூம்பின் அகலம். இந்த மாதிரிச் சின்ன அடிலென்ஸ் பெரும்பாலும் 3 மைக்ரான் அளவுக்குத்தான் பிரிக்கும். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக முடியில் இருபதில் ஒரு பங்கு. பட்டறைக்கு அது தாராளம். அதே லென்ஸுக்கு மேல் பெரிய கண்லென்ஸைப் போட்டு 200 மடங்கு ஆக்கினால், மங்கலான படம் பெரிதாகும். வேறு ஒன்றும் நடக்காது.

படி 1: வாங்கும்போது

விலை கேட்பதற்கு முன்னால் கண்லென்ஸைக் கழற்றி, குழாயை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளைத்த நூல் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கரையில் கிடைக்கும் பழைய லென்ஸ்களில் பாதி இதனால்தான் போகிறது. மேலாகப் பிடித்திருந்தால் துடைத்துவிடலாம். கண்ணாடியையே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸின் ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. அதைச் சரிசெய்வது நம் கையில் இல்லை.

ஃபோகஸ் திருகு இறுகியிருப்பது பெரிய குற்றமில்லை. பழைய கிரீஸ் புளிப்பிசின் மாதிரிக் கெட்டியாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, புதிதாகக் கொஞ்சம் பூசினால் வெண்ணெய் மாதிரி நகரும். பேட்டரி அறையில் பச்சைப் பூத்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உள்ளே ஸ்கேல் வரைந்த கண்ணாடி வில்லை உடைந்திருந்தால் வாங்காதீர்கள். வேறு வில்லை கிடைக்காது.

படி 2: சுத்தமும் விளக்கும்

லென்ஸில் முதலில் காற்று, பிறகு துணி. நம் ஊரில் படியும் தூசியில் மணல் இருக்கும். ஊதாமல் துடைத்தால் அதுவே எமரி. ரப்பர் பல்பால் ஊதிவிட்டு, பலமுறை துவைத்த பழைய பருத்தித் துணியில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். அசிட்டோன் வேண்டாம், லென்ஸ் ஒட்டையும் பெயின்டையும் கரைக்கும். அடிலென்ஸைக் கழற்றிப் பிரிக்கும் ஆசை எல்லாருக்கும் ஒருநாள் வரும். அன்றைக்கு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

பழைய பல்பு மஞ்சளாக எரியும், கிடைப்பதும் அரிது. அந்த இடத்தில் ஒரு வெள்ளை எல்.இ.டி.யைத் தகுந்த ரெசிஸ்டருடன் வைத்து, முன்னால் டிரேசிங் பேப்பர் ஒரு துண்டு ஒட்டினால் போதும். அந்தப் பேப்பர் இல்லாமல் பார்த்தால் மெருகிட்ட பரப்பில் எல்.இ.டி.யின் உருவமே தெரியும், உலோகம் தெரியாது.

படி 3: ஸ்கேலைச் சரிபார்ப்பது

கருவியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். யாரோ ஒருவர் கண்லென்ஸை மாற்றியிருக்கலாம். நல்ல ஸ்டீல் ஸ்கேலின் அரை மில்லிமீட்டர் கோடுகளின் மேல் கருவியை நிறுத்தி, 5 மில்லிமீட்டருக்கு உள்ளே எத்தனை கோடு வருகிறது என்று எண்ணுங்கள். ஸ்கேல் கோட்டுக்கே அகலம் உண்டு என்பதால், எப்போதும் கோட்டின் இடது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை அளக்க வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடி மைக்ரோமீட்டர் உண்டு. ஆய்வகக் கருவிகளுக்குப் பேர்போன அரியானா அம்பாலாவிலிருந்து வருவதைச் சென்னைக் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 10 மில்லிமீட்டர் குண்டை 3000 கிலோ எடையில் அழுத்தி, குழி 4.00 மில்லிமீட்டர் வந்தால் கடினம் 229. 4.05 வந்தால் 223. ஒரே ஒரு கோட்டில் ஆறு எண் போய்விடுகிறது. அதனால் குழியைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பார்கள்.

படி 4: பரப்பைத் தயார் செய்வது

கம்பி பிரஷ் போடாதீர்கள். மென்மையான உலோகத்தில் பிரஷ் விரிசலின் வாயை இழுத்து மூடிவிடும், பிறகு எந்த லென்ஸுக்கும் தெரியாது. கடலிலிருந்து வந்த சாமானை முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நேராக டீசலில் போட்டால் எண்ணெய் உப்பைக் கரைக்காது, அப்படியே மூடி வைக்கும். கழுவி, காயவைத்து, பிறகு டீசலோ மண்ணெண்ணெயோ, கடைசியாக ஸ்பிரிட்.

ஆனால் கழுவுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துருவின் நிறம், அது எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது, எந்தக் குழியின் வாயில் உப்புப் பொடி உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் கழுவினால் போய்விடும் சாட்சிகள்.

படி 5: வெளிச்சம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கே பார்த்து நிற்கிறது. காலையில் போனால் சூரியன் சாய்வாக விழும். தவசியின் விலா எலும்புவரை எண்ணலாம். வெயில் தலைக்கு மேல் ஏறியதும் போய்ப் பாருங்கள், பாறை தட்டையாகிவிடும். சிற்பம் அதேதான். உலோகமும் இதற்கு விலக்கில்லை. லென்ஸ் வழியே நேராக விழும் வெளிச்சத்தில் தட்டையான இடம் பளிச்சென்றும் குழி கறுப்பாகவும் தெரியும். பக்கத்திலிருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் தட்டை இருண்டுபோய், விளிம்புகள் மட்டும் மின்னும். பட்டறை நுண்ணோக்கிகளில் பெரும்பாலும் இருப்பது இந்தச் சாய்வு வெளிச்சம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எப்போதும் எடுத்துக்கொள்ளும். நுண்ணோக்கியோ பெரும்பாலும் படத்தைத் தலைகீழாகக் காட்டும். பொருளை இடப்பக்கம் நகர்த்தினால் படம் வலப்பக்கம் ஓடுகிறதா? அப்படியானால் உங்கள் கருவி தலைகீழ்க் கருவி. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, படத்தில் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும். விளைவு, குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும். மண் துகளைக் குழி என்று சொல்லி நான் ஒருவரிடம் வெட்கப்பட்டிருக்கிறேன்.

தப்பிக்க ஒரு எளிய வழி: ஒரு தையல் ஊசியின் முனையை விளக்கின் பக்கமிருந்து மெல்ல வளையத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். படத்தில் ஊசி எந்த ஓரத்திலிருந்து வருகிறதோ அதுதான் படத்தில் விளக்கின் பக்கம். இப்போது நிழலைப் பாருங்கள். குழியில் நிழல் விளக்கை ஒட்டிய ஓரத்தில் விழும், மேட்டில் விளக்குக்கு எதிர் ஓரத்தில் விழும். சந்தேகம் வரும்போதெல்லாம், கழிவுத் தகட்டில் சென்டர் பஞ்ச் அடித்த ஒரு குழியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பார்த்த இடத்தை ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். கருவியைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். இந்தக் கால் சுற்றில்தான் பாதி உண்மை வெளிவரும். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 6: கீறலா, விரிசலா

சில வருடங்களுக்கு முன் ஒரு படகு ஷாஃப்டில் சாவிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு பார்த்தேன். "விரிசல்தான் அண்ணே, கடலுக்குக் கொண்டுபோகாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நாலு நாள் தொழிலை விட்டுப் புது ஷாஃப்ட் வாங்கினார். பழையதை என்னிடமே போட்டுவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் அதை லேத்தில் மாட்டி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சீவினேன். கோடு காணாமல் போய்விட்டது. வெறும் கீறல். கருவியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கீறலுக்கு அடி உண்டு. அந்த அடி மின்னும், அகலம் சீராக இருக்கும், இரு கரையிலும் உலோகம் லேசாக மேலே தள்ளியிருக்கும். கீறலின் போக்கிலேயே வெளிச்சம் விழுமாறு கருவியைத் திருப்பினால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். விரிசல் எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே நிற்கும். நேராக ஓடாது, வளையும், கிளை விடும், கடைசல் தடங்களைக் கவலைப்படாமல் வெட்டிக்கொண்டு போகும். எண்ணெயைத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் விரிசலின் ஓரத்தில் மறுபடி கசிந்திருக்கும்.

அப்போதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய ஆட்கள் செய்தது நல்ல முறை: மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினால் விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக் கோடு வரும். இன்றைக்கு அதையே சிவப்புச் சாய ஸ்பிரே டப்பாவாக விற்கிறார்கள். சாயத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும், அவசரப்படக் கூடாது. நுண்ணோக்கி சந்தேகத்தைக் கிளப்பும், சாயம்தான் தீர்த்துவைக்கும்.

படி 7: இந்தக் கரையில் என்ன பார்க்கப் போகிறீர்கள்

சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்த்துப்போகும். கடற்கரையில் இரவெல்லாம் அந்த நிலைதான். அதனால் வெளியில் கிடக்கும் உலோகத்தின் மேல் மழை இல்லாமலேயே உப்புக் கரைசல் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேலிருக்கும் குரோமியம் ஆக்ஸைடு தோல். குளோரைடு அந்தத் தோலை ஒரு புள்ளியில் துளைத்துவிட்டால், அதற்குப் பிறகு அரிப்பு பரவாது, உள்ளே இறங்கும். கண்ணுக்குப் பழுப்புப் புள்ளி; 40 மடங்கில் பார்த்தால் சின்ன வாய். அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், அகன்ற வயிறுள்ள குடம். 304 ரகத்தைவிட, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இதைத் தாங்கும் என்பதால்தான் கடற்கரை வேலைக்கு அதைக் கேட்கிறோம். பக்கத்திலேயே கல்பாக்கத்தில் 1971-இல் ரியாக்டர் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 500 மெகாவாட் ஈனுலையின் முக்கியக் கலமும் 316-இன் ஒரு வகைதான்.

பித்தளை ப்ரொப்பல்லர் வந்தால் சந்தோஷமாகப் பாருங்கள், பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். மஞ்சள் பரப்பின் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. அங்கே துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது. மிச்சம் நிற்பது செம்பு மட்டும். சாய்வு வெளிச்சத்தில் அது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அளந்தால் கனம் குறைந்திருக்காது, அதனால்தான் ஏமாறுகிறோம். ஊசியால் குத்திப் பாருங்கள், நொறுங்கும்.

உளிகள் வேறு கதை. 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரியைச் சுற்றி எத்தனையோ சிற்பக்கூடங்கள். கார்பைடு முனை வந்த பிறகும் காய்ச்சி அடித்துப் பதம் போட்ட உளியைக் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் உளியைத் தேய்க்கும். பதம் சரியில்லை என்றால் தேய்வதற்கு முன்னாலேயே வாய் போய்விடும். அந்த வாயைக் கருவியின் கீழே வையுங்கள். பிறை பிறையாக, கண்ணாடி உடைந்த மாதிரி கூர்மையாகச் சிதறியிருந்தால் பதம் மிகுதி. வைக்கோல் நிறம் வந்ததுமே நிறுத்தாமல், பழுப்பு, ஊதாவரை சூடேற்றியிருக்க வேண்டும். விளிம்பு உடையாமல் நாக்கு மாதிரி மடிந்திருந்தால் பதம் போதவில்லை, அல்லது கிரைண்டரில் தீட்டும்போது சூடாகிப் பதமே போய்விட்டது. ஒரு கொல்லர் இதைப் பார்த்துவிட்டு, "இதத்தானேய்யா நாப்பது வருஷமா கல்லுல அடிச்சு சத்தத்துல கேக்கறேன்" என்றார். அவருக்குக் கருவி தேவையில்லை. நமக்குத் தேவை.

வெல்டிங் வேலை செய்பவர்கள் தையலின் ஓரத்தை முதலில் பாருங்கள். அரிப்பும் விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

படி 8: அமிலம் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு

உலோகத்தை மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்து, பிரதிபலித்த ஒளியில் பார்த்தால் உள் அமைப்பு தெரியும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. 1860-களில். இன்றும் அதே முறைதான். 220, 400, 600, 1000 என எமரித் தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் கை திசையைக் குறுக்காக மாற்றி, முந்தைய தாளின் கோடுகள் முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். கடைசியில் வைரப் பசை. சாதா எஃகுக்கு 98 மில்லி எத்தனாலில் 2 மில்லி நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் விட வேண்டும். கொஞ்சமாகக் கலந்து, அன்றே பயன்படுத்தி, மீதியைத் தண்ணீரில் நீர்த்துவிடுங்கள். மூடிய பாட்டிலில் சேமித்தால் வெடிக்கலாம். கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் இந்தப் படிக்கு வராதீர்கள்.

40 மடங்கில் வெல்டிங் தையல், அதை ஒட்டிச் சூடு பட்ட பட்டை, கரி குறைந்த தோல் இவையெல்லாம் அழகாகப் பிரிந்து தெரியும். எஃகின் உள் அமைப்பில் வரும் பியர்லைட்டின் வரிகள் தெரியவில்லை என்று கருவியைக் குறை சொல்லாதீர்கள். அவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. மின்நிலையக் குழாய்களில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கும்போது, மெருகேற்றி அமிலமிட்ட இடத்தில் அசிட்டோனில் நனைத்த செல்லுலோஸ் அசிடேட் தாளை ஒட்டி உரித்து, அந்த அச்சை ஆய்வகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

படி 9: படமும் நோட்டும்

செல்போன் கேமராவைக் கண்லென்ஸின் மேல் வைத்தாலே படம் விழும். கை ஆடாமல் இருக்க, பிளாஸ்டிக் மூடியில் துளை போட்டு ஒரு வளையம் செய்துகொள்ளுங்கள். ஜூமை மாற்றாமல், அதே நிலையில் ஸ்டீல் ஸ்கேலையும் ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்தக் குழி எத்தனை மில்லிமீட்டர் என்று உங்களுக்கே தெரியாது. நோட்டில் தேதி, சாமான், எந்த இடம், விளக்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மேலிருந்து பார்க்கும் கருவி அகலத்தைத்தான் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. படத்தைக் காட்டி மெருகின் அளவு இத்தனை மைக்ரான் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

படி 10: கடற்காற்றிலிருந்து கருவியைக் காப்பது

வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். ரப்பர் வளையமுள்ள, காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்றில் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். தோல் உறையிலோ பஞ்சு மெத்தையிலோ வைத்தால் பூஞ்சைக்கு நீங்களே சாப்பாடு போடுகிறீர்கள் என்று பொருள். ஜெல் ஈரமானால் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் திரும்பிவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும். வீட்டு வாணலியில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டப்பாவுக்குள் மெருகேற்றிய சாதா இரும்புத் துண்டு ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறேன், கட்டை விரல் நகம் அளவு. ஜெல் நிறம் மாறியதைக் கவனிக்காமல் விட்டாலும் இந்தத் துண்டு சொல்லிவிடும். போன ஐப்பசி மழையில் எடுத்துப் பார்த்தேன். 40 மடங்கில் மூன்று பழுப்புப் புள்ளிகள், அதில் ஒன்றுக்கு ஏற்கெனவே குழி. அன்று மத்தியானமே ஜெல்லை வறுத்தேன்.